வீட்டு சர்வீஸ் புக்கிங்ல ஆன்லைன் பேமெண்ட் இணைக்கிறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக

திருச்சி உறையூர்ல எங்க அக்கா வீட்டுக்காரர் ஏசி சர்வீஸ் கடை வச்சிருக்காரு, நாலு டெக்னீஷியன், ரெண்டு வண்டி, சித்திரை வெயில் வந்துட்டா ஃபோன் கீழ வைக்க முடியாது. புக்கிங் சாஃப்ட்வேர் போட்டாச்சு, கஸ்டமரே தேதி நேரம் பாத்து ஸ்லாட் எடுத்துக்குறாங்க, ஆனா காசு மட்டும் பழையபடி கடை நம்பருக்கு ஜிபே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட்ட வாட்ஸப்ல அனுப்புவாங்க, எந்த ஸ்கிரீன்ஷாட் எந்த புக்கிங்குக்குன்னு அக்கா நைட்டு பதினோரு மணி வரைக்கும் நோட்டுல டிக் அடிச்சிட்டு இருப்பா. அதப் பாக்க பொறுக்காமத்தான் பேமெண்ட் கேட்வேயை, அதாவது கஸ்டமர் ஆன்லைன்ல கட்டுற காச வாங்கி நம்ம பேங்க்குக்கு அனுப்புற சேவைய, புக்கிங்கோட இணைச்சுக் குடுத்தேன். பிளம்பிங், எலக்ட்ரிக்கல், தண்ணி டேங்க் கிளீனிங், ஆர்ஓ சர்வீஸ், பூச்சி மருந்து அடிக்கிறதுன்னு வீட்டுக்குப் போய் வேலை செய்ற யாருக்கும் இதே வழிதான்.

நான் ரேஸர்பேங்கிற கேட்வேல பண்ணேன், அதனால அங்க இருக்கிற பேருங்கள வச்சே சொல்றேன். கேஷ்ஃப்ரீ, பேயூ எதுல பண்ணாலும் சாரம் இதுதான், மெனு பேரு மட்டும் மாறும்.

கேட்வே குடுக்கிற கீயை, அதாவது புக்கிங் சாஃப்ட்வேர் உங்க அக்கவுண்ட்டோட பேசுறதுக்கான ரகசிய குறியீட்ட, காப்பி பண்ணி பேஸ்ட் பண்றது பத்து நிமிஷ வேலைங்க. அதோட முடிஞ்சுதுன்னு நெறைய பேரு விட்டுடறாங்க. காசு வந்துச்சுங்கிற சேதி புக்கிங் சாஃப்ட்வேருக்கு யாரு மூலமா போய்ச் சேருதுங்கிறத சரியா அமைச்சாத்தான் இது வேலைக்கு ஆகும். அந்த இடத்துக்கு வரும்போது நிதானமா படிங்க.

எதுக்கு காசு வாங்குறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கடையில சோப்பு விக்கிற மாதிரி இல்ல இது. "ஏசி கூலிங் இல்ல"ன்னு புக் பண்ணுவாங்க, போய் பாத்தா வெறும் ஃபில்டர் அழுக்கா இருக்கும், இல்லன்னா கேஸ் லீக் ஆகி மூவாயிரம் ரூபா வேலையா இருக்கும். அதனால புக்கிங் நேரத்துல முழு காசும் வாங்க முடியாது. நாங்க விசிட்டிங் சார்ஜ் 300 ரூபா மட்டும் அட்வான்ஸா வாங்குறோம், வேலை செஞ்சா அது பில்லுல கழிஞ்சிடும், மிச்சத்த வேலை முடிஞ்சப்புறம் வாங்கிக்கிறோம். டேங்க் கிளீனிங் மாதிரி இத்தன லிட்டருக்கு இவ்வளவுன்னு ரேட் கட்டியாச்சுன்னா முழுசும் முன்னாடியே வாங்கலாம், தப்பில்ல.

கேன்சல் பண்ணா என்னங்கிறதையும் இப்பவே பேசி எழுதிடுங்க. எங்க கணக்கு, சொன்ன நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணா முழு 300ம் திரும்பி வரும், ஆள் வண்டி எடுத்து கிளம்பிட்டா வராது. இத ஏன் முதல்லயே சொல்றேன்னா கேட்வே அக்கவுண்ட் ஆக்டிவேட் பண்ணும்போது உங்க வெப்சைட்ல ரீஃபண்ட் பாலிசி, பிரைவசி பாலிசி, விதிமுறைகள், கான்டாக்ட் பக்கம் எல்லாம் இருக்கான்னு பாப்பாங்க. இல்லன்னா அப்ளிகேஷன் அப்படியே நிக்கும்.

உங்க சாஃப்ட்வேர் எந்த கேட்வேயை ஏத்துக்கும்?

சந்தா கட்டுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இது. யூடியூப்ல வீட்டு சர்வீஸ் சாஃப்ட்வேர்னு தேடினா ஜாப்பர், ஹவுஸ்கால் புரோன்னு வரும், நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா அமெரிக்கா கனடா பக்கத்து கடைங்கள மனசுல வச்சு செஞ்சது, அதுக்குள்ள இருக்கிற பேமெண்ட் வசதியும் அந்த மாதிரி நாடுங்களுக்குத்தான். ஸ்கொயர்ங்கிற கேட்வே மட்டும் தான் சப்போர்ட்னு இருந்தா விட்டுடுங்க, ஸ்கொயர் இந்தியாவுல இல்ல. ஸ்ட்ரைப் இருக்கு, ஆனா 2024ல இருந்து இங்க புதுசா சேரணும்னா அவங்க அழைச்சாத்தான் சேர முடியும், சின்ன சர்வீஸ் கடைக்கு அத நம்பி உக்காந்திருக்க முடியாது. ஆக சாஃப்ட்வேரோட செட்டிங்ஸ்ல பேமெண்ட் பகுதிக்குப் போய் இந்திய கேட்வே பேரு ஒண்ணாவது இருக்கான்னு ஃப்ரீ டிரையல்லயே பாத்துடுங்க. வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ் வச்சு புக்கிங் ஓட்டுறவங்களுக்கு கவலை இல்ல, ரேஸர்பேயோட பிளகின் இருக்கு.

பேரு இல்லவே இல்லன்னா? டெவலப்பர் வச்சு எழுதணும், இல்லன்னா பேமெண்ட் லிங்க்கை கையால அனுப்பி ஓட்டணும். ஒரு நாளைக்கு அஞ்சு புக்கிங்தான் வருதுன்னா ரெண்டாவதே போதும்னு நான் சொல்வேன்.

அக்கவுண்ட் தொறக்குறது

பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட், அட்ரஸ் ப்ரூஃப், தனி ஆள் பேர்ல நடத்துற கடைன்னா உத்யம் (சிறு தொழில் பதிவு) சர்டிபிகேட் இல்லன்னா ஜிஎஸ்டி சர்டிபிகேட் ரெடியா வச்சுக்கோங்க. சர்வீஸ் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், அதுக்குக் கீழ இருக்கிறவங்க உத்யம் எடுத்துக்கலாம், அரசு தளத்துல ஆதார் வச்சு இலவசமாவே கிடைக்கும், யாருக்கும் காசு குடுக்காதீங்க.

இங்க பொதுவா மாட்டுறது பேரு. பான்ல இனிஷியல் பின்னாடி, பேங்க்ல இனிஷியல் முன்னாடி, உத்யம்ல கடை பேருன்னு மூணு விதமா இருக்கும். மாமாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பேங்க்குக்குப் போய் கரண்ட் அக்கவுண்ட்ட கடை பேர்ல மாத்திட்டு வந்தப்புறம்தான் வெரிஃபிகேஷன் முடிஞ்சுது. இது நடந்துட்டு இருக்கும்போதே நீங்க சும்மா இருக்க வேண்டாம், நிஜ காசு இல்லாம ஒத்திகை பாக்குற டெஸ்ட் மோடு உடனே கிடைச்சிடும், கீழ சொல்ற வேலை எல்லாத்தையும் அதுலயே செஞ்சு பாத்துடலாம்.

கீ எடுத்துப் போடுறது

ரேஸர்பே டாஷ்போர்டுல டெஸ்ட் மோடுக்கு மாத்திட்டு, செட்டிங்ஸ் பக்கத்துல ஏபிஐ கீ ஜெனரேட் பண்ணுங்க. ரெண்டு வரும், ஒண்ணு கீ ஐடி, இன்னொண்ணு கீ சீக்ரெட். கீ ஐடில டெஸ்ட்டா லைவான்னு எழுதியே இருக்கும், கலந்துடாம பாத்துக்கலாம். சீக்ரெட்ட ஒரே ஒரு தடவதான் காட்டும், அந்த பக்கத்த மூடிட்டா திரும்ப பாக்க முடியாது, புதுசாத்தான் ஜெனரேட் பண்ணணும், பண்ணா பழசு செல்லாம போயிடும். அப்பவே எடுத்து பாஸ்வேர்டு மேனேஜர்ல போட்டு வைங்க. வாட்ஸப் குரூப்ல போடாதீங்க, தயவுசெஞ்சு. அந்த சீக்ரெட் கையில இருக்கிறவன் உங்க பேர்ல ரீஃபண்ட் கூட போட முடியும்.

இந்த ரெண்டையும் புக்கிங் சாஃப்ட்வேரோட பேமெண்ட் செட்டிங்ஸ்ல போட்டு சேவ் பண்ணுங்க. கரன்சி ரூபாயில இருக்கான்னு பாருங்க, சில சாஃப்ட்வேர்ல டாலர்தான் முதல்ல நிக்கும்.

டெவலப்பர் வச்சு எழுதுறவங்களுக்கு ஒரு விஷயம். கேட்வேக்கு தொகைய பைசாவுல அனுப்பணும். 300 ரூபான்னா 30000னு போகணும். நாங்க ஒரு சின்ன மாத்தம் பண்ணும்போது 300ன்னே அனுப்பிட்டோம், டெஸ்ட்ல தொகைய யாரும் உத்துப் பாக்கல, மாமா ஃபோன எடுத்து நீட்டி "என்னப்பா இது, விசிட்டிங் சார்ஜ் மூணு ரூபான்னு வந்திருக்கு?"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது. அதுல இருந்து டெஸ்ட் பண்ணும்போது பேமெண்ட் ஆச்சான்னு பாக்குறதோட தொகையையும் சத்தமா படிச்சுப் பாக்குறோம்.

வெப்ஹுக், இதுதான் உயிர்நாடி

இப்ப ஒரு சனிக்கிழமை நடந்தத சொல்றேன். ஸ்ரீரங்கத்துல ஒரு வயசான அம்மா காலைல பத்து மணி ஸ்லாட் எடுத்து 300 ரூபா கட்டியிருக்காங்க. பதினொண்ணு ஆச்சு, ஆள் போகல. ஃபோன் பண்ணாங்க, "தம்பி, காசு போயிடுச்சு, மெசேஜ் வந்துடுச்சு, ஆளக் காணோமேப்பா". சாஃப்ட்வேர்ல பாத்தா அவங்க புக்கிங்கே இல்ல, பேமெண்ட் வராததால கேன்சல் ஆச்சுன்னு கிடக்கு, அதே ஸ்லாட்ட வேற ஒருத்தருக்கு குடுத்துடுச்சு. டாஷ்போர்டுல பாத்தா காசு வந்திருக்கு.

என்ன ஆச்சுன்னா, அவங்க மொபைல் பிரவுசர்ல புக் பண்ணி பே அழுத்தினதும் அது யூபிஐ ஆப்புக்கு கூட்டிட்டுப் போச்சு, பின் போட்டாங்க, பச்ச டிக் வந்துச்சு, அவங்க ஃபோன வச்சுட்டு சமையலுக்குப் போயிட்டாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க, காசு கட்டியாச்சு, அப்புறம் எதுக்கு பிரவுசருக்குத் திரும்பி வரணும்? ஆனா நாங்க அமைச்சிருந்த விதத்துல, கஸ்டமர் திரும்பி வந்து "நன்றி" பக்கம் தொறந்தாத்தான் புக்கிங் கன்ஃபர்ம் ஆகும். பதினஞ்சு நிமிஷம் பாத்துட்டு சாஃப்ட்வேர் ஸ்லாட்ட விட்டுடுச்சு. அந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கு சாயந்திரம் மாமாவே நேர்ல போய் வேலைய முடிச்சுக் குடுத்துட்டு வந்தாரு.

இதுக்குத்தான் வெப்ஹுக். கஸ்டமரோட ஃபோன் என்ன ஆனாலும் சரி, சார்ஜ் போனாலும் சரி, காசு வந்ததும் கேட்வேயோட சர்வரே நேரா உங்க புக்கிங் சாஃப்ட்வேரோட சர்வருக்கு சேதி அனுப்பும். பிரவுசர் நடுவுலயே வராது.

எப்படி போடணும்? புக்கிங் சாஃப்ட்வேரோட பேமெண்ட் பகுதியில வெப்ஹுக் யூஆர்எல்னு ஒரு முகவரி குடுத்திருப்பாங்க, சிலதுல நீங்க ஒண்ணும் செய்யாமலே அதுவே பதிஞ்சுக்கும், அத அவங்க உதவிப் பக்கத்துல படிச்சு உறுதி பண்ணிக்கோங்க. கையால போடணும்னா அந்த முகவரிய காப்பி பண்ணி, ரேஸர்பே டாஷ்போர்டுல வெப்ஹுக்ஸ் பகுதியில சேருங்க. எந்தெந்த நிகழ்வுக்கு சேதி வேணும்னு ஒரு பட்டியல் வரும். பேமெண்ட் கேப்சர்டு, பேமெண்ட் ஃபெயில்டு, ரீஃபண்ட் ப்ராசஸ்டு இந்த மூணும் கண்டிப்பா டிக் பண்ணுங்க, சாஃப்ட்வேர் ஆர்டர் பெய்டு கேட்டா அதையும் சேருங்க. எல்லாத்தையும் டிக் பண்ணி வச்சா தேவையில்லாத சேதி வந்து கொட்டும், பிரச்சனைன்னு தேடும்போது கண்ணக் கட்டும்.

அங்கேயே சீக்ரெட்னு ஒரு கட்டம் இருக்கும். இது வெப்ஹுக் சீக்ரெட், முன்ன எடுத்த கீ சீக்ரெட் வேற இது வேற. நீங்களே நீளமா ஒண்ண உருவாக்கி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடணும். கேட்வே அனுப்புற ஒவ்வொரு சேதியிலயும் இத வச்சு ஒரு கையெழுத்து இருக்கும், சாஃப்ட்வேர் அத சரிபாத்துட்டுத்தான் நம்பும், இல்லன்னா எவனோ ஒருத்தன் "காசு வந்துடுச்சு"ன்னு பொய்ச் சேதி அனுப்பி இலவசமா ஸ்லாட் எடுத்துட்டுப் போவான். காப்பி பண்ணும்போது கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டாலும் கையெழுத்து பொருந்தாது, எல்லா சேதியும் தள்ளுபடி ஆகும், திட்டமிட்டு தேடினாலும் கண்ணுல படாத தப்பு இது.

டெவலப்பர் எழுதுறதா இருந்தா இன்னும் ரெண்டு சொல்லிடுங்க. ஒரே சேதி ரெண்டு தடவ வரலாம், அதுக்காக ரெண்டு புக்கிங் போடக்கூடாது, கன்ஃபர்மேஷன் எஸ்எம்எஸ்ஸும் ரெண்டு போகக்கூடாது. சேதிய வாங்கின உடனே "கிடைச்சுது"ன்னு பதில் சொல்லிட்டு அப்புறம் மத்த வேலைய பாக்கணும், அஞ்சு செகண்டுக்குள்ள பதில் வரலன்னா சேரலன்னு எடுத்துக்கிட்டு மறுபடி அனுப்பும்.

கேப்சர்னு ஒரு வார்த்தை

காசு கஸ்டமர் கணக்குல இருந்து போனதும் முதல்ல ஆதரைஸ்டுன்னு நிக்கும், கேப்சர் பண்ணாத்தான் அது உங்களுது. பேமெண்ட் செட்டிங்ஸ்ல ஆட்டோமேட்டிக் கேப்சர் ஆன் பண்ணி வைங்க. கேப்சர் ஆகாம விட்டா சில நாள்ல அது கஸ்டமருக்கே திரும்பிப் போயிடும், நீங்க வேலையும் செஞ்சிருப்பீங்க காசும் இருக்காது.

இன்னொரு சங்கடம், பேங்க் பக்கம் தாமதமாகி முதல்ல ஃபெயில்டுன்னு காட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு காசு வந்து சேரும். அதுக்குள்ள ஸ்லாட் வேற ஆளுக்குப் போயிருந்தா என்ன பண்றது? எங்க கடைல அக்காவுக்கு ஒரு அலர்ட் போகும், அவ கஸ்டமருக்கு ஃபோன் போட்டு "அண்ணே, அந்த நேரம் போயிடுச்சு, மூணு மணிக்கு வரட்டுமா, இல்ல காச திருப்பிடட்டுமா"ன்னு கேட்டுடுவா. இத மெஷின் கிட்ட விடாதீங்க.

டெஸ்ட் பண்றது

டெஸ்ட் மோடுல ரேஸர்பேயோட உதவிப் பக்கத்துல இருக்கிற டெஸ்ட் கார்டு நம்பர், வருங்காலத்துல ஏதாவது ஒரு எக்ஸ்பைரி தேதி, ஏதாவது சிவிவி போட்டு கட்டிப் பாக்கலாம். யூபிஐ ஐடி கேக்குற இடத்துல success@razorpayன்னு அடிச்சா பாஸ் ஆகும், failure@razorpayன்னு அடிச்சா ஃபெயில் ஆகும். நல்லபடியா கட்டுறத ஒரு தடவ பாத்தா போதும், மிச்ச நேரத்த கோணல்மாணலா கட்டிப் பாக்குறதுல செலவு பண்ணுங்க. கட்டினதும் பிரவுசர டக்குனு மூடிடுங்க, அப்பவும் புக்கிங் கன்ஃபர்ம் ஆகுதா? கட்டாம பாதில விட்டா ஸ்லாட் திரும்ப காலியாகுதா? ரெண்டு ஃபோன்ல ஒரே ஸ்லாட்ட ஒரே நேரத்துல எடுத்துப் பாருங்க. கேன்சல் பண்ணி ரீஃபண்ட் போட்டா சாஃப்ட்வேர்லயும் அது தெரியுதா? இந்த நாலும் சரியா நடந்தா தைரியமா அடுத்ததுக்குப் போலாம்.

லைவ் போறது

வெரிஃபிகேஷன் முடிஞ்சதும் டாஷ்போர்ட லைவ் மோடுக்கு மாத்தி புது கீ எடுத்து சாஃப்ட்வேர்ல பழச அழிச்சுட்டுப் போடணும். வெப்ஹுக்கையும் லைவ் மோடுல மறுபடி சேர்க்கணும், டெஸ்ட்ல சேர்த்தது தானா வராது. இத மறந்தவங்கதான் "டெஸ்ட்ல எல்லாம் ஓடுச்சே"ன்னு தலைய பிச்சுக்கிறாங்க. அப்புறம் உங்க சொந்த ஃபோன்ல சொந்த காசுல நிஜமா ஒரு புக்கிங் போட்டு, கட்டி, பிரவுசர மூடி, கன்ஃபர்ம் ஆனதும் ரீஃபண்ட் போட்டுப் பாருங்க. இத செவ்வாய் புதன் மாதிரி கூட்டமில்லாத நாள்ல செய்ங்க.

வாசல்ல வாங்குற மிச்ச காசு

வேலை முடிஞ்சு 1,800 ரூபா பில்லு, அட்வான்ஸ் போக 1,500 வாங்கணும். டெக்னீஷியன் தன்னோட சொந்த நம்பருக்கு வாங்கினா கணக்கு அங்கேயே உடைஞ்சிடும், பையன் நல்லவனா இருந்தாலும் அவனுக்கே அது சுமை. பேமெண்ட் லிங்க்கோ க்யூஆரோ அந்த புக்கிங் நம்பரோட சேர்ந்தே உருவாகணும். கேட்வேல ஒவ்வொரு பேமெண்ட்டோடயும் நோட்ஸ்னு குறிப்பு வைக்க இடம் இருக்கு, அதுல புக்கிங் நம்பர் போற மாதிரி அமைச்சுட்டா எந்த காசு எந்த வீட்டுதுன்னு பின்னாடி தேட வேண்டாம்.

ரொக்கத்தையும் நிறுத்திடாதீங்க. பெரியவங்க நெறைய பேரு கையில எண்ணித்தான் குடுப்பாங்க, அவங்களுக்கு அதுதான் நிம்மதி. சாஃப்ட்வேர்ல கேஷ்னு ஒரு பட்டன் வச்சு டெக்னீஷியன் அங்கேயே பதிஞ்சுட்டா போதும்.

ஆனா கார்டு நம்பர ஃபோன்ல கேட்டு நாமளே அடிக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். 2022 அக்டோபர் 1ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி கடைக்காரங்க கார்டு நம்பர சேமிச்சு வைக்கக் கூடாது. வாட்ஸப்ல கார்டு ஃபோட்டோ அனுப்புறவங்க இருக்காங்க, உடனே அழிச்சுட்டு லிங்க் அனுப்பி கட்டச் சொல்லுங்க.

கையில எவ்வளவு வரும்

நெட் பேங்கிங்ல 300 ரூபா கட்டுறாங்க, கேட்வே கட்டணம் 2 சதவீதம்னு வைங்க, 6 ரூபா, அந்த 6 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1 ரூபா 8 பைசா, உங்க பேங்க்குக்கு வர்றது 292 ரூபா 92 பைசா. யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியில இருந்து எம்டிஆர் (பேங்க் பக்கம் கடைக்காரர்கிட்ட பிடிக்கிற கட்டணம்) கிடையாது, ஆனா கேட்வே தன் சேவைக்குன்னு தனியா ஏதாவது போட்டிருக்கலாம், உங்க பிளான்ல என்ன எழுதியிருக்குன்னு கையெழுத்துக்கு முன்னாடி படிங்க. பொதுவா காசு ரெண்டு வேலை நாள் கழிச்சு பேங்க்குக்கு வரும், அதுவும் பல பேமெண்ட் ஒண்ணா சேந்து ஒரே தொகையா. வெள்ளிக்கிழமை கேஸ் சிலிண்டர் வாங்க காசு வேணும்னா வியாழக்கிழமை வேலைய நம்ப முடியாது, கொஞ்சம் கை இருப்பு வச்சுக்கோங்க.

"பேங்க்ல வந்த தொகையும் நம்ம பில்லும் ஒத்துப் போகலயேடா"ன்னு அக்கா முதல் வாரம் பதறிட்டா. செட்டில்மெண்ட் ரிப்போர்ட்ட டவுன்லோடு பண்ணா எந்தெந்த பேமெண்ட், எவ்வளவு கட்டணம், எவ்வளவு வரின்னு வரிவரியா இருக்கும். ஆடிட்டருக்கும் அதையே குடுங்க, வருமானமா 300ஐத்தான் காட்டணும், 292.92ஐ இல்ல, கட்டணம் செலவுப் பக்கம் போகும். ரீஃபண்ட் போட்டா கஸ்டமருக்கு முழு 300ம் போகும், முதல்ல பிடிச்ச கட்டணம் நமக்கு திரும்பி வராது, கணக்கு பாக்கும்போது அதையும் சேத்துக்கோங்க. கஸ்டமர் கணக்குல ஏற அஞ்சுல இருந்து ஏழு வேலை நாள் ஆகும், ரீஃபண்ட் போட்ட அன்னிக்கே இத எஸ்எம்எஸ்ல சொல்லிட்டா மறுநாள் கோபமா ஃபோன் வராது.

கார்டுல கட்டின யாராவது வேலையே செய்யலன்னு பேங்க்ல புகார் குடுத்தா கேட்வே உங்க கிட்ட ஆதாரம் கேக்கும், அதுக்கு கெடுவும் குடுக்கும். ஜாப் கார்டுல கஸ்டமர் கையெழுத்து, வேலைக்கு முன்னாடி பின்னாடி எடுத்த ஃபோட்டோ, போன நேரம் எல்லாம் அந்த புக்கிங்லயே ஏத்தி வைக்க டெக்னீஷியன்களப் பழக்குங்க.

வெப்ஹுக் தொடர்ந்து போய்ச் சேரலன்னா ரேஸர்பே 24 மணி நேரம் விட்டு விட்டு முயற்சி பண்ணும், அப்பவும் முடியலன்னா அந்த வெப்ஹுக்கையே நிறுத்திட்டு மெயில் அனுப்பும். அந்த மெயில் யாரும் தொறக்காத பழைய ஐடிக்குப் போனா ஸ்ரீரங்கம் கதைதான் மறுபடி நடக்கும். அதனால அக்கவுண்ட் தொறக்கும்போது மாமா பேர்ல என்னைக்கோ ஆரம்பிச்சு பாஸ்வேர்டு மறந்த ஐடிய குடுக்காம, தினமும் பாக்குற ஆளோட மெயில குடுங்க. எங்க வீட்டுல அது அக்காவோடது.